சிலுவை எது, சுமை எது?



கிறிஸ்தவ வீடுகளில் புத்தக அலுமாரியைத் திறந்தால், வேதாகமத்துக்குப் பக்கத்தில் அநேகமாக இன்னும் இரண்டு மூன்று நூல்கள் இருக்கும். ஞாயிறு பாடசாலையில் பரிசாகக் கிடைத்தது ஒன்று. திடப்படுத்தலின்போது ஞானத்தாய் கொடுத்தது இன்னொன்று. திருமணத்தன்று போதகர் கையெழுத்திட்டுத் தந்தது வேறொன்று. விசுவாசம், சீடத்துவம், அர்ப்பணிப்பு என்ற சொற்கள் அவற்றின் அட்டைகளில் இருக்கும். ஆண்கள் பத்திரிகையோடு நின்றுவிட, இந்த நூல்களை எடுத்து வாசிப்பவர் பெரும்பாலும் அந்த வீட்டு அம்மாதான்.

இந்நூல்கள் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல் 'சிலுவை'. தன்னைப் பின்பற்ற விரும்புகிறவர் தன்னை வெறுத்து, தன் சிலுவையை நாள்தோறும் எடுத்துக்கொண்டு வரட்டும் என்று இயேசு சொன்னதை நற்செய்தி நூல்கள் கூறுகின்றன. சீடத்துவம் பற்றி எழுதிய எவரும் இதைத் தாண்டிப் போக முடியாது.

ஆனால் இந்தச் சொல் நமது வீடுகளுக்குள் வரும்போது என்ன நடக்கிறது? கணவன் குடித்துவிட்டு வந்து அடிக்கிறான். மனைவி அழுதுகொண்டு தாய் வீட்டுக்கு வருகிறாள். "என்ன செய்யிறது பிள்ளை, அது கர்த்தர் உனக்குத் தந்த சிலுவை. பொறுத்துப் போ" என்கிறாள் தாய். ஆலயத்திலும் சில வேளைகளில் இதே பதில்தான் கிடைக்கிறது. அவள் திரும்பிப் போகிறாள். அடுத்த முறை அவள் வருவதில்லை. எங்கே போனாலும் பதில் ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சிலுவை என்ற சொல்லுக்கு இதுதானா பொருள்? நமது அலுமாரிகளில் இருக்கும் நூல்கள் இப்படித்தான் சொல்கின்றனவா? காலத்தால் நிலைத்த நான்கு நூல்களை எடுத்து இம்மாதம் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

விலை கொடுத்தவர் எழுதிய நூல்

சீடத்துவம் என்றவுடன் நினைவுக்கு வரவேண்டிய பெயர் டீட்ரிச் பொன்ஹோபர். 1906ஆம் ஆண்டு ஜேர்மனியில் பிறந்தவர். லூதரன் சபையின் குருவானவர், இறையியல் அறிஞர். ஹிட்லர் 1933இல் ஆட்சிக்கு வந்தபோது, அந்நாட்டுச் சபைகளில் பெரும்பகுதி அவனுக்கு வளைந்து கொடுத்தது. வளைய மறுத்தவர்கள் சேர்ந்து அமைத்தது 'அறிக்கையிடும் சபை'. அச்சபைக்குப் போதகர்களைப் பயிற்றுவிப்பதற்காக 1935இல் பின்கென்வால்டே என்ற இடத்தில் ஒரு சிறிய இறையியல் கல்லூரியை பொன்ஹோபர் நடத்தினார். 1937இல் இரகசியப் பொலிசார் அதை மூடினார்கள். அதே ஆண்டில் வெளிவந்ததுதான் 'பின்பற்றுதல்' என்று பொருள்படும் அவருடைய நூல். ஆங்கிலத்தில் அது 'சீடத்துவத்தின் விலை' என்ற தலைப்பில் உலகெங்கும் பரவியது.

அக்கல்லூரிக்குப் பக்கத்து நகரில், பேரப்பிள்ளைகளின் படிப்புக்காகக் குடியிருந்த ரூத் வொன் கிளைஸ்ட் என்ற மூதாட்டி, அவர்களையும் அழைத்துக்கொண்டு ஞாயிறு ஆராதனைக்கு அங்கே வருவார். அறுபது வயதைத் தாண்டிய அவர் அந்த இளம் குருவானவருக்கும் மாணவர்களுக்கும் பெரும் ஆதரவாக இருந்தவர். அவருடைய பேத்தி மரியாவுக்கும் பொன்ஹோபருக்கும் 1943 ஜனவரியில் திருமணம் நிச்சயமானது. மூன்று மாதங்களில் அவர் கைதானார். அந்தத் திருமணம் நடக்கவே இல்லை. 1945 ஏப்ரல் 9ஆம் திகதி, யுத்தம் முடிய ஒரு மாதம்கூட இல்லாத வேளையில், புளொசன்பேர்க் முகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39.

இந்த நூலில் அவர் கண்டிப்பது 'மலிவான கிருபை'யை. மனந்திரும்பாமலே மன்னிப்பு, கீழ்ப்படியாமலே ஞானஸ்நானம், வாழ்க்கையில் ஒன்றையும் மாற்றிக்கொள்ளாமலே ஆறுதல் ஆகியவற்றைத்தான் அவர் அப்படி அழைக்கிறார். அடித்த கணவன் ஞாயிறன்று வெள்ளைச் சட்டையோடு முன்வரிசையில் இருப்பதும், அவனிடம் ஒருவரும் ஒன்றும் கேளாதிருப்பதும் இந்த மலிவான கிருபையில்தானே அடங்கும்?

நமது கேள்விக்கு நேரடியான பதிலும் இந்நூலில் உண்டு. சிலுவை என்பது மனித வாழ்க்கையில் எவருக்கும் வரக்கூடிய துன்பம் அல்ல என்று பொன்ஹோபர் தெளிவாக எழுதுகிறார். நோய், வறுமை, துரதிர்ஷ்டம் எல்லாம் துன்பங்கள்தாம். ஆனால் கிறிஸ்துவோடு ஒருவர் தன்னைப் பிணைத்துக்கொண்டதன் காரணமாக வருகிற துன்பமும் புறக்கணிப்புமே சிலுவை. அவரைப் பின்பற்றாதிருந்தால் அது வந்திராது. அவரைப் பின்பற்றத் துணிந்ததால் அது வருகிறது.

இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். ஒருத்தி அடிவாங்குவது அவள் இயேசுவைப் பின்பற்றியதனாலா? இல்லை. அடிக்கிறவன் தன் கோபத்துக்கும் குடிக்கும் அடிமையாக இருப்பதனால். அது அவன் பாவம். அவனுடைய பாவத்துக்கு அவளுடைய சிலுவை என்று பெயர் சூட்டினால், பாவம் செய்தவன் தப்பிவிடுகிறான். அடிபட்டவளோ கடவுளே தன்னை அடிப்பதாக நினைத்துக்கொள்கிறாள்.

பொன்ஹோபர் துன்பத்துக்குப் பயந்து இப்படி எழுதவில்லை. 1939 ஜூன் மாதம் அவர் அமெரிக்காவில் இருந்தார். நண்பர்கள் அங்கே வேலையும் பாதுகாப்பும் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒரு மாதம்கூட முடியுமுன் அவர் ஜேர்மனிக்குத் திரும்பினார். தன் மக்களோடு இந்தச் சோதனைக் காலத்தைப் பகிராவிட்டால், பின்னர் அவர்களைக் கட்டியெழுப்பத் தனக்கு உரிமை இராது என்று அவர் கருதினார். அது அவரே தெரிந்தெடுத்த பாதை. வேறொருவர் அவர் தோளில் ஏற்றியது அல்ல.

பனியனின் மனைவியும் இரண்டாம் பாகமும்

ஜோன் பனியனின் 'மோட்சப் பயணம்' நமக்குப் பழகிய நூல். பாளையங்கோட்டைப் பகுதியைச் சேர்ந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இந்நூலைத் தழுவித்தான் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியத்தை 1894இல் வெளியிட்டார். முதுகில் சுமையோடு ஒருவன் நாசபுரியை விட்டு ஓடுகிற கதை. மனைவியும் பிள்ளைகளும் கூப்பிடக் கூப்பிட, காதுகளைப் பொத்திக்கொண்டு அவன் ஓடுகிறான். 1678இல் முதற்பாகம் வந்தது.

எழுதிய பனியன் ஒரு பாத்திரம் திருத்துபவர். அரச சபையின் அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காக 1660இல் சிறையில் அடைக்கப்பட்டு, பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே இருந்தார். அவர் கைதான செய்தியைக் கேட்ட அதிர்ச்சியில், கர்ப்பிணியாக இருந்த மனைவி எலிசபெத்துக்குக் காலத்துக்கு முன்னரே பிரசவவேதனை கண்டது. பிள்ளை இறந்தது. மூத்த தாரத்தின் நான்கு பிள்ளைகள் அவர் பொறுப்பில் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி பார்வையற்றவள். நல்ல மனிதர்களின் தருமத்தைத் தவிர வேறு வருமானம் இல்லை.

இந்த எலிசபெத் வீட்டில் இருந்து அழவில்லை. 1661இல் நீதிபதிகள் கூடியிருந்த மண்டபத்துக்கு நேரே போனார். கணவனுக்காகத் திரும்பத் திரும்ப மனுக் கொடுத்தார். ஒரு நீதிபதி கோபத்தோடு அதட்டினார். கணவன் பிரசங்கத்தை விடுவானா என்று கேட்டபோது, பேசக்கூடியவரை அவர் விடமாட்டார் என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார். அதனால் விடுதலை தள்ளிப்போகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். இதைத்தான் சிலுவை என்று சொல்ல வேண்டும். அவர் கணவனின் கொடுமையைச் சுமக்கவில்லை. இருவரும் சேர்ந்து நம்பிய ஓர் உண்மையின் விலையைச் சுமந்தார்.

1684இல் பனியன் அந்நூலின் இரண்டாம் பாகத்தை வெளியிட்டார். நம்மில் பலர் அதை வாசிப்பதில்லை. அதில் பயணம் போவது முதற்பாகத்தில் விட்டுச்செல்லப்பட்ட மனைவி கிறிஸ்தியானாள். தன் நான்கு பையன்களோடும், இரக்கம் என்ற பெயருடைய அயல்வீட்டுப் பெண்ணோடும் அவள் புறப்படுகிறாள். குறுகிய வாசலைத் தாண்டிச் சிறிது தூரம் போனவுடன் இரண்டு கொடியவர்கள் வழிமறித்துப் பெண்களைப் பிடிக்கிறார்கள். அந்தப் பெண்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? இது எங்கள் சிலுவை என்று தலை குனிந்து நிற்கவில்லை. போராடுகிறார்கள். கொலை, கொலை என்று உரத்துக் கத்துகிறார்கள். சத்தம் கேட்டு உதவிக்கு ஒருவர் ஓடி வருகிறார். வந்தவர், ஏன் கத்தினீர்கள் என்று அவர்களைக் குறைசொல்லவில்லை. வாசலிலேயே ஒரு வழித்துணையைக் கேட்டிருக்கலாமே என்றுதான் சொல்கிறார்.

அதன்பின் அவர்களுக்கு வழித்துணையாக வருபவர் பெருநெஞ்சர். போகப் போக ஊன்றுகோலில் நடப்பவர், மனம் தளர்ந்தவர், பயந்த பெண் என்று பலர் சேர்கிறார்கள். அவர்களுடைய நடைக்கேற்ப எல்லோரும் மெதுவாக நடக்கிறார்கள். முதற்பாகத்தில் தனியே ஓடியவனின் விசுவாசம், இரண்டாம் பாகத்தில் பலவீனரைக் கைவிடாத ஒரு கூட்டத்தின் விசுவாசமாக வளர்ந்திருக்கிறது. வீட்டில் இந்நூல் இருந்தால் இரண்டாம் பாகத்தையும் தேடி வாசியுங்கள்.

சமையலறையில் ஒரு சீடர்

சிலுவை என்றால் சிறையும் தூக்குமேடையும்தான் என்று நினைத்துவிடவும் கூடாது. நாள்தோறும் என்று இயேசு சொன்ன சொல் ஒன்று இருக்கிறதே. அதை விளக்க மிகச் சிறிய ஒரு நூல் இருக்கிறது. 'இறைப் பிரசன்னத்தில் வாழும் பயிற்சி' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். சகோதரர் லோரன்ஸ் என்பவரின் உரையாடல்களும் கடிதங்களும் அடங்கியது. அவர் பிரான்ஸ் நாட்டில் பிறந்த ஏழை. போர்வீரராக இருந்து காயப்பட்டவர். 1640இல் பாரிஸ் நகரக் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்தது சமையலறை வேலை. இயல்பிலேயே அவருக்கு அது பிடிக்காத வேலை. ஆனாலும் சுமார் பதினைந்து ஆண்டுகள் அதைச் செய்தார். 1691இல் அவர் இறந்தபின், அவரோடு உரையாடிய ஒரு குருவானவர் அவற்றைத் தொகுத்து வெளியிட்டார்.

ஆலயத்தில் முழந்தாளில் நிற்கும்போது கடவுளோடு இருப்பது போலவே, சட்டி பானைகளின் சத்தத்துக்கு நடுவிலும் இருக்கலாம் என்பதே அவர் கண்ட உண்மை. அடுப்படியில் நிற்கிற நமக்கு இதைவிட ஆறுதலான போதனை வேறென்ன? ஜெப நேரம் கிடைக்கவில்லையே என்று கலங்கும் இளம் தாய், பிள்ளைக்குப் பால்மா கரைக்கும்போதே ஒரு சிறு நன்றி சொன்னால் போதும்.

அதேவேளை ஒன்றைக் கவனியுங்கள். லோரன்ஸ் அந்த மடத்துக்குத் தன் விருப்பத்தோடு போனவர். பிற்காலத்தில் அவருடைய காலில் புண் வந்து நிற்க முடியாமல் போனபோது, இருந்தபடியே செய்யக்கூடிய செருப்புத் தைக்கும் வேலைக்கு அவரை மாற்றினார்கள். நோவோடு நின்று சமைப்பதே உன் சிலுவை என்று யாரும் சொல்லவில்லை. நாரிப்பிடிப்போடு ஆறு பேருக்குச் சமைக்கும் அம்மாவுக்கு இந்நூலைக் கொடுக்கும் பிள்ளைகள், முதலில் அவர் கையிலிருக்கும் அகப்பையை வாங்க வேண்டும்.

மன்னித்தாள், ஆனால் திரும்பிப் போகவில்லை

இனி மன்னிப்பு. மன்னிக்க வேண்டும் என்று சொல்லித்தானே பெண்களைத் திருப்பி அனுப்புகிறார்கள்? மன்னிப்பைப் பற்றிக் கொரி டென் பூம் அம்மையார் எழுதியதைப் போல எழுதியவர்கள் குறைவு. 1971இல் வெளிவந்த அவருடைய 'மறைவிடம்' பல மொழிகளில் வாசிக்கப்படும் நூல். ஒல்லாந்து நாட்டின் ஹார்லம் நகரில் தந்தையோடு மணிக்கூடு திருத்தும் கடையில் வேலை செய்தவர் அவர். அத்தொழிலில் அந்நாட்டில் அனுமதிப்பத்திரம் பெற்ற முதற் பெண். நாசிப் படையினர் நாட்டைப் பிடித்தபின், அந்தக் குடும்பம் யூதர்களை வீட்டில் ஒளித்து வைத்தது. கொரியின் படுக்கையறைச் சுவருக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய மறைவிடம் கட்டப்பட்டது.

1944 பெப்ரவரி 28ஆம் திகதி வீடு சுற்றிவளைக்கப்பட்டது. குடும்பத்தினர் கைதானார்கள். சுவருக்குப் பின்னால் இருந்த ஆறு பேரும் அகப்படவில்லை. 84 வயதுத் தந்தை பத்து நாட்களில் காவலிலேயே இறந்தார். கொரியும் அக்கா பெற்சியும் ராவன்ஸ்புறூக் பெண்கள் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். தெள்ளுப்பூச்சி நிறைந்த குடிலில், மறைத்துக் கொண்டுபோன வேதாகமத்தை மற்றப் பெண்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். டிசம்பரில் பெற்சி அங்கே இறந்தார். அந்த மாத முடிவில் கொரி விடுவிக்கப்பட்டார்.

1947இல் ஜேர்மனியின் மியூனிக் நகரில் கொரி மன்னிப்பைப் பற்றிப் பேசி முடித்தபோது, முகாமில் காவலனாக இருந்த ஒருவன் வந்து கையை நீட்டினான். தன்னை மன்னிக்கும்படி கேட்டான். கொரியால் கையைத் தூக்க முடியவில்லை. அக்காவின் முகம் கண்முன் வந்தது. எனக்கு மன்னிக்கத் தெரியவில்லை, நீர் உதவும் என்று உள்ளுக்குள் ஜெபித்த பின்னரே அவரால் அந்தக் கையைப் பிடிக்க முடிந்தது.

இந்தப் பகுதியை அழாமல் வாசிப்பது கடினம். ஆனால் இதை வைத்து ஒரு பெண்ணை அடிக்கிற வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறவர்கள், நடந்ததை முழுமையாகப் பார்க்க வேண்டும். காவலனிடம் அப்போது அதிகாரம் இல்லை. முகாம் மூடப்பட்டுவிட்டது. அவன் தன் குற்றத்தை ஏற்று, தானே வந்து மன்னிப்புக் கேட்டான். கொரி அவனை மன்னித்தார், மறுபடி முகாமுக்குள் போகவில்லை. மன்னிப்பு என்பது மனதிலிருந்து பகையை இறக்கி வைப்பது. ஆபத்துக்குள் திரும்பி நடப்பது வேறு விஷயம். இவ்விரண்டையும் குழப்பினால் உயிர்கள் போகும்.

அப்படியானால் சிலுவை யாருடையது?

நான்கு நூல்களையும் சேர்த்து வைத்தால் ஒரு பொது உண்மை தெரிகிறது. சீடர்கள் சுமந்த பாரம் அவர்களே மனமுவந்து எடுத்தது. கடவுளுக்காகவோ, உண்மைக்காகவோ, ஆபத்தில் இருந்த இன்னொருவருக்காகவோ எடுத்தது. டென் பூம் வீட்டில் ஒளிந்திருந்த யூதர்களிடம், இது உங்கள் சிலுவை, பொறுத்துப் போங்கள் என்று அந்தக் குடும்பம் சொல்லவில்லை. கதவைத் திறந்தது. அதற்கான விலையைத் தானே கொடுத்தது.

இங்கேதான் நமது கேள்விக்கு விடை இருக்கிறது. அடிபட்டு ஒருத்தி வாசலில் வந்து நிற்கும்போது, அங்கே ஒரு சிலுவை இருப்பது உண்மைதான். ஆனால் அது அவளுடையது அல்ல. கதவைத் திறக்க வேண்டியவர்களுடையது. "சனம் என்ன கதைக்கும்" என்று பயப்படுகிற தாய், அந்தப் பேச்சைத் தாங்கிக்கொண்டு மகளை உள்ளே எடுப்பது சிலுவை. கல்யாணமாகாத தங்கையின் சம்பந்தம் குழம்பும் என்று தெரிந்தும் தமக்கையின் பக்கம் நிற்கிற தம்பி சுமப்பது சிலுவை. காணிக்கை நிறையப் போடுகிற மனிதன் என்று பாராமல் அவனை அழைத்துக் கண்டிக்கிற போதகர் சுமப்பது சிலுவை. 1933இலேயே பொன்ஹோபர் எழுதினார்: அநீதியால் நசுக்கப்பட்டவர்களுக்கு உதவுவது சபையின் கடமை, அவர்கள் சபையின் அங்கத்தவர்களா என்று பார்க்கவும் கூடாது, தேவைப்பட்டால் நசுக்குகிற சக்கரத்தையே தடுக்க வேண்டும் என்று. அது ஓர் அரசைப் பற்றிச் சொன்னது. ஒரு வீட்டுக்கும் அது பொருந்தும்.

நமது நாட்டில் இதற்குச் சட்டமும் உண்டு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தரோ நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். உடலில் விழும் அடி மட்டுமல்ல, மனதை வதைக்கும் கொடுமையும் அதில் அடங்கும். வழக்கு முடியும்வரை இடைக்காலக் கட்டளையும் பெறலாம். மகளிர் உதவித் தொலைபேசி இலக்கம் 1938. உதவி கேட்பது விசுவாசக் குறைவு அல்ல. கிறிஸ்தியானாளும் கத்தித்தான் உதவி பெற்றாள்.

எப்படி வாசிப்பது?

இத்தகைய நூல்களை வாசிக்கும் சகோதரிகளுக்குச் சில ஆலோசனைகள்:

- எழுதியவரின் வாழ்க்கையை முதலில் அறிந்துகொள்ளுங்கள். அவர் என்ன விலை கொடுத்து எழுதினார் என்று தெரிந்தால், எழுத்தின் பொருள் தெளிவாகும்.
- பொறுமை, கீழ்ப்படிவு, தியாகம் என்ற சொற்கள் வரும் இடங்களில் நின்று, யாருக்காக, யாருடைய விருப்பத்தின்படி என்று கேளுங்கள்.
- ஓர் அதிகாரத்தை வாசித்தபின், இன்று நான் செய்யக்கூடிய ஒரு காரியம் என்ன என்று யோசியுங்கள். அயல்வீட்டுப் பெண்ணோடு வைத்தியசாலைக்குப் போவதாகவும் அது இருக்கலாம்.
- மாதர் சங்கத்தில் நாலைந்து பேர் சேர்ந்து வாசியுங்கள். தனியே வாசிக்கும்போது சொல்ல முடியாத வேதனையை, சேர்ந்து வாசிக்கும்போது ஒருத்தி வாய் திறந்து சொல்லக்கூடும்.
- துன்பத்தில் இருப்பவளுக்குப் புத்தகம் மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். ஒரு நேரச் சாப்பாடும், படுக்க ஒரு பாயும், துணைக்கு ஓர் ஆளும் முதலில் கொடுங்கள். புத்தகம் பிறகு.

சகோதரிகளே, அடுத்த முறை உங்கள் வாயில் 'சிலுவை' என்ற சொல் வரும்போது ஒரு கணம் நிறுத்துங்கள். அதை இன்னொருத்தியின் தோளில் வைக்கிறேனா, அல்லது அவளுக்காக என் தோளைக் கொடுக்கிறேனா என்று உங்களையே கேளுங்கள். சீடத்துவத்தைப் பற்றிய எல்லா நூல்களும் கடைசியில் நம்மிடம் கேட்பது இந்த ஒரு கேள்வியைத்தான்.